வாங்காத கோடித்துணி

புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிய பிள்ளைகள் என்னைப் பார்க்க வரும்போது முதலில் கேட்பது, குடும்பக் கேசு எடுக்கலாமா வேண்டாமா என்றுதான். எடுங்கள் என்றால் முகம் சுருங்கிப் போகிறது. கொலைக் கேசென்றால் பெயர் வரும், நிலக் கேசென்றால் சோறு வரும், புருஷன் பெண்டாட்டி கேசில் தலைவலிதான் வரும் என்று யாரோ உங்களுக்கு நன்றாக ஓதி வைத்திருக்கிறார்கள். தலைவலி வரும், வாஸ்தவம். எனக்கும் வந்தது. ஆனால் புதுக்கோட்டைக் கோர்ட்டில் அத்தனை வருஷம் நின்று நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் அந்தத் தலைவலியில்தான் கற்றேன். அதில் ஒன்றைச் சொல்கிறேன். காபி ஆறிப்போனால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

உங்களுக்கு இப்போது சட்டப் புத்தகத்திலேயே விவாகரத்து இருக்கிறது. இன்ன பிரிவு, இன்ன காரணம் என்று மனு எழுதிவிடுகிறீர்கள். நான் தொழில் செய்த சமஸ்தான நாளில் இந்துக்களுக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது. தாலி ஏறினால் ஏறினதுதான். சில ஜாதிகளில் மட்டும் ஊர் கூடித் தீர்த்துவிடுகிற வழக்கம் உண்டு. ஊர் முன்னால் புருஷன் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவளும் வேறு இடத்தில் வாழ்க்கைப்படலாம். இப்படி ஒரு வழக்கம் உண்டு, அதன்படி நடந்தது என்று சாட்சி வைத்து நிரூபித்தால் கோர்ட்டு ஒப்புக்கொள்ளும். நிரூபிக்க முடியாவிட்டால் அம்போதான்.

அடைக்கி என்ற பெண் என்னிடம் வந்தது, ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்து, அங்கே போன நம் ஆட்களெல்லாம் காலில் நடந்து திரும்பிவந்த சமயம். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பக்கத்தில் அவள் புருஷன் சின்னத்தம்பி, திருமயம் பக்கத்து விவசாயி. மனுஷன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றானே தவிர வாயைத் திறக்கவில்லை. பேசினதெல்லாம் அவள்தான்.

முதலில் அவள் வாழ்க்கைப்பட்டது குடுமியான்மலைக்கு அங்கிட்டு ஒரு ஊரில், வீரையா என்பவனுக்கு. சில வருஷம் வாழ்ந்தார்கள். பிள்ளை இல்லை. அவனுக்கு ரங்கூன் ஆசை. இவள் போகாதே என்றிருக்கிறாள். சண்டை முற்றி ஒருநாள் ஊரைக் கூட்டித் துரும்பைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டான். இவள் அப்பன் வீட்டுக்கு வந்து, பிறகு சின்னத்தம்பியைக் கட்டிக்கொண்டு, இந்தப் பெண்ணையும் பெற்றுக்கொண்டாள். யுத்தத்தில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வீரையா நடந்தே ஊர் வந்து சேர்ந்தான். வந்தவன், நான் துரும்பே கொடுக்கவில்லை, அவள் இன்னும் என் பெண்டாட்டிதான், என்னோடு வந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று தாவா போட்டுவிட்டான்.

அவன் ஜெயித்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்னத்தம்பி கட்டின தாலி செல்லாது. இடுப்பில் இருந்த குழந்தைக்கு அப்பன் பெயர் கிடையாது. அதற்குமேல் முதல் புருஷன் இருக்க இன்னொருத்தனைக் கட்டினாள் என்று கிரிமினல் கேசும் போடலாம். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"என்னைய என்ன வேணாலும் சொல்லட்டுங்க. இந்தப் புள்ளைய நாளைக்கு யாரும் அப்பன் பேரு தெரியாததுன்னு சொல்லிறக் கூடாது."

நான் வக்கீல் புத்தியோடு முதல் கேள்வி கேட்டேன். அந்தத் துரும்பு எங்கே என்று. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வைக்கோலை யார் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள், ஊர் பார்த்ததே போதாதா என்று கேட்டாள். சின்னத்தம்பி அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தான்.

அதற்கு முன் வேறு வக்கீல்களைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தாளாம். ஒருவர் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டாராம். இன்னொருவர் அவளைப் பேசவிடாமல் சின்னத்தம்பியிடமே பேசிக்கொண்டிருந்தாராம். பிறகு அவள் ஒரு காரியம் செய்திருக்கிறாள். கடலை வறுத்து எடுத்துக்கொண்டு கோர்ட்டு வாசலில் விற்க உட்கார்ந்து, விற்கிற சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். யார் எப்படிப் பேசுகிறார்கள், யார் யாரை எப்படிக் கேட்கிறார்கள் என்று. நானும் அவளிடம் கடலை வாங்கித் தின்றிருக்கிறேன் போலிருக்கிறது. எனக்கு ஞாபகமில்லை.

சரி, என்னை ஏன் பிடித்தாய் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அன்னைக்கு ஒரு கெழவி கூண்டுல ஏறுச்சுல்ல. அது செத்துப்போன மகனப் பத்திக் கேக்க வந்துட்டு, அது மொகத்தப் பாத்துட்டு, கேக்காம விட்டுட்டீங்க. அதான் வந்தேன்."

அந்தக் கேசில் நான் தோற்றேன் அம்மா என்றேன். தெரியும் என்றாள். தோற்றதையும் இருந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்த என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு எத்தனையோ நாள் இதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்தாள். நீங்கள் போர்டு மாட்டுகிறீர்கள், சிபாரிசு தேடுகிறீர்கள். கட்சிக்காரர் உங்களை எந்த இடத்தில் நின்று பார்க்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் எப்போதும் ஒழுங்காக இருங்கள்.

வக்காலத்தில் கைநாட்டு வைக்கும்போது ஒரு நிபந்தனை போட்டாள். வீரையாவின் தாயார் அவன் பக்கம் சாட்சி சொல்ல வந்தால், அவளை மட்டும் அதட்டக் கூடாது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எதிர்க்கட்சிச் சாட்சியை அதட்டாமல் கொஞ்சவா முடியும் என்று கேட்டேன்.

"நாலு வருசம் அந்த வீட்டுச் சோறு தின்னேங்க. மகன் என்னைய ஒரு சொல்லு சொன்னா அவன ஒம்பது சொல்லு சொல்லும் எங்க அயித்தை. கடைசியில எங்கப்பன அவமானப்படுத்துச்சு, அது வேற. ஆனா அது அழுதா என்னால பாக்க முடியாது."

அந்த 'கடைசியில' என்ற வார்த்தையை நான் அப்போது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்கவில்லை. சாட்சி தேடுகிற அவசரம்.

சாட்சி கிடைக்கவில்லை. துரும்பு கொடுத்ததைப் பார்த்தவர்கள் ஒரு ஊரே இருக்கிறது, ஒருவரும் வர மாட்டேன் என்கிறார்கள். ஏனென்றால் அந்த ஊருக்குத் தலைவராக இருந்த அம்பலம், வீரையாவுக்குத் தாய்மாமன். மருமகன் எலும்பும் தோலுமாக வந்து நின்றதைப் பார்த்து மாமனுக்கு மனசு இளகிவிட்டது. துரும்பா, எந்தத் துரும்பு என்று அவர் கேட்டுவிட்டால், அப்புறம் ஊரில் யார் வாயைத் திறப்பார்கள்? நானே நேரில் போய்ப் பார்த்தேன். கோட்டும் தலைப்பாகையுமாக வண்டியை விட்டு இறங்கினேனோ இல்லையோ, தெருவே காலியாகிவிட்டது. இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், வண்டி வரை வந்து வழியனுப்பினார்கள். ஒரு வார்த்தை பெயரவில்லை. வக்கீல் ஊருக்குள் போனால் அது கேசாகிவிடுகிறது. ஊர் வாயை மூடிக்கொள்கிறது. நீங்கள் போகாதீர்கள்.

மிஞ்சியது அடைக்கியும் அவள் அப்பனும்தான். அவர்கள் சொல்வதை எந்த முன்சீப்பு முழுசாக நம்புவார்? வாய்தா நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியாக அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கேசை விட்டுவிடு, துரும்பு கொடுத்த நாளிலிருந்து இன்று வரை அந்த வீட்டு ஆட்களை எங்கெங்கே பார்த்தாய், என்ன நடந்தது, அதைச் சொல் என்றேன். கேசுக்குத் தேவையில்லாததைக் கேட்கிறாரே என்று அவள் முழித்தாள். பிறகு சொன்னாள். இவள் சின்னத்தம்பியைக் கட்டுவதற்கு முன்னால், ரங்கூனில் இருந்த வீரையாவின் அப்பன் இங்கே இறந்துபோனாராம். இவளும் இவள் அப்பனும் இழவுக்குப் போயிருக்கிறார்கள்.

இழவு வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் புதுத் துணி கொண்டு போய்ப் பிணத்தின்மேல் போட வேண்டும். கோடி போடுவது என்போம். உங்களுக்குத் தெரியும். மருமகள் பிறந்த வீட்டுக் கோடி விழாமல் எந்த வீட்டிலும் பிணத்தை எடுக்க மாட்டார்கள். துரும்பு வாங்கிவிட்டாலும், பழகின வீடாயிற்றே, மரியாதைக்கு இருக்கட்டும் என்று அடைக்கியின் அப்பன் ஒரு வேட்டி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீரையாவின் தாயார், தலைவிரிகோலமாக எழுந்து வந்து, இந்தத் துணி வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாளாம். அவர் வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு வீடு வரை பேசாமல் நடந்து வந்திருக்கிறார். அப்பனை அவமானப்படுத்தினாள் என்று அடைக்கி சொன்னது இதைத்தான்.

எனக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. கூடவே பயமும் வந்தது. கோடியை வாங்கவில்லை என்றால் அந்த வீட்டுக்கு அவள் மருமகள் இல்லை. மருமகள் இல்லையென்றால் துரும்பு கொடுத்தாயிற்று. வீரையா அப்போது ஊரில் இல்லாததால் அவனுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை, அவன் வக்கீலுக்கும் தெரியாது. ஆனால் இதைச் சொல்ல வேண்டிய வாய் அவனைப் பெற்றவளின் வாய். அவள் கூண்டில் ஏறி, கோடி வந்தது, வாங்கிக்கொண்டோம் என்று ஒரே வரி சொல்லிவிட்டால் என் கட்சிக்காரி அங்கேயே முடிந்தாள். கேள்வியைக் கேட்காமல் விட்டால் மெதுவாகத் தோற்போம். கேட்டால் அரை நிமிஷத்தில் ஜெயிக்கலாம், அல்லது அரை நிமிஷத்தில் தோற்கலாம்.

விசாரணை நாள் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எனக்கு மூத்தவர், நல்ல சத்தம், வாதத்துக்கு நடுவில் பொடி போட்டுக்கொண்டு தும்மினால் முன்சீப்பே நிமிர்ந்து உட்காருவார். வீரையாவை விசாரித்தார், அம்பலத்தை விசாரித்தார். பிறகு தாயாரை ஏற்றினார். வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து, மெலிந்த உடம்பு. உங்கள் மகன் துரும்பு கொடுத்தானா என்று கேட்டார். இல்லீங்க என்றாள். தானாகப் போனாளா? ஆமாங்க. அவ்வளவுதான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவர் எனக்கு நேராகக் கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

எழுந்து நின்றேன். அப்போது நான் அவளைப் பொய்க்காரி என்று நிரூபிக்கப் புறப்பட்டிருந்தால் அவள் மகன் பக்கம் இன்னும் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டிருப்பாள். எந்தத் தாயும் அப்படித்தான் செய்வாள். துரும்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரர் காலமானபோது மூத்த மகன் ஊரில் இருந்தானா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள். கொள்ளி வைத்தது யார் என்றேன். இளையவன் என்றாள். குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த நாளை யாரும் அவளிடம் கேட்டு வெகுநாளாயிற்று என்று தோன்றியது. எந்தெந்த வீட்டுக் கோடி வந்தது ஆத்தா என்று கேட்டேன். பிறந்த வீட்டுக் கோடி, மகள் வீட்டுக் கோடி, இளைய மருமகள் வீட்டுக் கோடி என்று வரிசையாகச் சொன்னாள்.

எதிர்த்தரப்புப் பெரியவர் பொடி டப்பாவை வைத்துவிட்டு எழுந்தார். இழவுக்கும் தாவாவுக்கும் என்ன சம்பந்தம் என்றார். முன்சீப்பு வெளியூர்க்காரர், நம் பக்கத்து வழக்கம் தெரியாதவர், அவரும் என்னைப் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு கேள்வி என்று அனுமதி வாங்கிக்கொண்டேன்.

"அடைக்கி பொறந்த வீட்டுக் கோடி வந்துச்சுங்களா, ஆத்தா?"

கூடத்தின் ஓரத்தில் தூணோடு தூணாக அடைக்கி நின்றுகொண்டிருந்தாள். மாமியார் கண் ஒருதரம் அங்கே போய்விட்டு வந்தது.

"வந்துச்சு."

பெரியவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். வாங்கினீர்களா என்று கேட்டுவிட வேண்டும் என்று வாய் துடித்தது. கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், இன்னும் சொல்லி முடிக்காத முகமாக இருந்தது. சொல்லி முடிக்காத ஆளைக் கேள்வியால் இடித்தால், பயந்துபோய்ப் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். சும்மா நின்றேன். கோர்ட்டில் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நீங்களே ஒருநாள் நின்று பாருங்கள். முன்சீப்பு பேனாவைத் தட்டினார்.

"வந்துச்சுங்க. நாந்தான் வாங்கல."

நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்குமேல் கேட்க ஆயிரம் இருந்தது. அதில் எதைக் கேட்டாலும் கெட்டுப் போயிருக்கும்.

பெரியவர் லேசுப்பட்டவரா? உடனே எழுந்து மறு விசாரணையில் அவளுக்கு ஒரு வழியைத் திறந்து காட்டினார். மருமகள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட கோபத்தில்தானே வாங்கவில்லை, அவ்வளவுதானே என்று கேட்டார். அவள் ஆமாம் என்று சொன்னால் போதும். எல்லாம் சரியாகிவிடும். கோபத்தில் வாங்காமல் விட்டதற்கும் தீர்ந்துபோனதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் வாதாடிவிடுவார். கெட்டிக்காரக் கேள்விதான். ஆனால் அவளுக்கு அந்தப் பெண்மேல் கோபம் இருந்தது என்று அவர் சொல்லியிருக்கக் கூடாது.

"கோவமா? அந்தப் புள்ள மேல எனக்கு என்னங்க கோவம்? அந்தத் துணிய நான் வாங்கியிருந்தா அவ எங்க வீட்டு மருமகளாவே கெடப்பா. இவன் ரங்கூன்லேருந்து வருவானோ மாட்டானோ. சின்ன வயசு. இன்னொருத்தன் அவளக் கட்ட வருவானா? அதான் எடுத்துட்டுப் போப்பான்னு அவ அப்பன்கிட்டச் சொன்னேன்."

அவள் மகன் பக்கம் திரும்பினாள்.

"இவன் இல்லன்னு சொல்லச் சொன்னான், பெத்த பாசத்துல சொல்லிட்டேன். அவரு மேல விழுந்த துணியிலயும் விழாத துணியிலயும் எப்படிங்க பொய் சொல்றது?"

தூணடியில் நின்ற அடைக்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை வருஷமும் அவமானம் என்று நெஞ்சில் வைத்திருந்தது, அவளுக்கு வழிவிட்ட காரியம் என்று அப்போதுதான் தெரிகிறது. குழந்தை ஒன்றும் புரியாமல் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வக்கீல் அழக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

முன்சீப்பு அந்தத் தாயை வைதுவிடுவாரோ என்று பார்த்தேன். இறங்கிப் போம்மா என்று மட்டும் சொன்னார். தாவா தள்ளுபடியாயிற்று.

ஆனால் கேசு முடியவில்லை. வீரையா அப்பீல் போட்டான். மாமன் அம்பலம் விடவில்லை, அவனுக்கும் மனசு ஆறவில்லை. அவனை நான் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். காடு மலையெல்லாம் கடந்து, பாதிப் பேரை வழியில் பறிகொடுத்து வந்தவன். வீடு என்று நினைத்தபோது அவனுக்கு அவள் முகம்தான் ஞாபகம் வந்திருக்கும். கோபத்தில் கொடுத்ததைக் கோர்ட்டில் திருப்பி வாங்கிவிடலாம் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டான். நம் கட்சிக்காரருக்காக எதிர்க்கட்சியோடு போராடுங்கள், ஆனால் அவரை வெறுக்காதீர்கள். வெறுத்தால் அவர் என்ன செய்வார் என்று கணிக்க முடியாது.

அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே ஒருநாள் காலை நான் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அடைக்கியும் சின்னத்தம்பியும் வாசலில் வந்து நின்றார்கள். அவள் கண் வீங்கியிருந்தது. கையில் ஜவுளிக்கடைப் பொட்டலம்.

"அயித்தை செத்துப் போச்சுங்க. கோடி எடுத்துட்டுப் போறேன். கேசுக்கு ஏதும் ஆயிருமாங்க?"

கேட்டாளே ஒரு கேள்வி! இன்றைக்கும் எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் கிடையாது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கோடி வாங்காததை வைத்து ஜெயித்த கேசு. இப்போது இவளே கோடியோடு போய் நின்றால், பார்த்தீர்களா, மருமகள் என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று பெரியவர் மேல் கோர்ட்டில் கூத்தாடிவிடுவார். போய் அழுதுவிட்டு வா, பொட்டலத்தை மட்டும் இங்கே வைத்துவிட்டுப் போ என்றேன். அவள் அசையவில்லை. சின்னத்தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெறுங்கையோடு அயித்தையைப் பார்க்க என்னால் முடியாது என்றாள். பிறகு கேட்டாள்:

"மருமக வீட்டுக் கோடின்னு போடல. மக வீட்டுக் கோடின்னு போட்டா?"

நிமிர்ந்து பார்த்தேன். என் மனைவியும் கதவோரம் வந்துவிட்டாள். அவசரமாக மனசுக்குள் கணக்குப் போட்டேன். மகள் வீட்டுக் கோடி என்று சொல்லிக் கொடுத்து, மூத்த மகன் அதை வாங்கித் தாய்மேல் போட்டுவிட்டால், ஊரறிய அவன் இவளுக்கு அண்ணன். அவன் வாங்காவிட்டால்? அப்பனுக்கு நடந்தது ஊர் முன்னால் இவளுக்கும் நடக்கும், அப்பீலும் பாழாகலாம். இரண்டையும் ஒளிக்காமல் அவளிடம் சொன்னேன். முடிவு உன்னுடையது என்றேன். அவள் சின்னத்தம்பியைப் பார்த்தாள்.

"போடு. எம் மகளுக்கு ஒரு தாய்மாமன் கெடைப்பான்ல" என்றான் அந்த வாய் திறக்காத மனுஷன்.

ஒன்று மட்டும் நான் சொல்லிக் கொடுத்தேன். கொடுக்கும் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஊர் முழுக்கக் காதில் விழ வேண்டும். நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் வந்தால் அது கேசாகிவிடும், நீங்களே போங்கள் என்று அனுப்பிவிட்டேன். அன்று கோர்ட்டில் நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது.

நடந்ததைச் சின்னத்தம்பி வந்து சொன்னான். அடைக்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பொட்டலத்தைப் பிரித்து, சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, இது மக வீட்டுக் கோடி என்று உரக்கச் சொல்லியிருக்கிறாள். ஒப்பாரி நின்றுவிட்டது. தலைமாட்டில் வீரையா. பின்னாலிருந்து மாமன், வாங்காதடா என்றாராம். வீரையா தாயின் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் நீட்டினான். வாங்கி, தாயின்மேல் அவனே விரித்துப் போட்டான். இரண்டு பேரும் அப்போது அழுத அழுகையைச் சொல்ல வரும்போது சின்னத்தம்பி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அப்பீல் விசாரணைக்கு வந்தது. நான் வாதத்தையெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பெரியவர் பொடி போடாமல், சத்தமில்லாமல் எழுந்து, என் கட்சிக்காரர் வாபஸ் வாங்கிக்கொள்கிறார் என்றார். மேலே உட்கார்ந்திருந்தவர்கள் நம்பவில்லை. யாராவது பயமுறுத்தினார்களா, சமாதானமாகப் பணம் ஏதும் கைமாறியதா என்று சந்தேகம். வீரையாவைக் கூப்பிட்டு நேராகவே கேட்டார்கள். அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

"கோடி வாங்கிட்டேங்க. கூடப் பொறந்தவ மேல எப்படிங்க கேசு நடத்துறது?"

வாபஸை ஒப்புக்கொண்டு எழுதிவிட்டார்கள். நான் கையிலிருந்த காகிதங்களை மடித்துக் குமாஸ்தாவிடம் கொடுத்தேன். வெளியே வந்தபோது, அடைக்கியின் மகள் வீரையாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கடலை வாங்கித் தரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.